உல்கானின் விரல்கள் இறுகிய நாள்

உல்கான் என் கொழுந்தன் ஜெக்ஷெனின் பெண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. உதைக்கிற பெட்டைக் குதிரையைக்கூட ஒற்றைக் கையால் அடக்கிப் பால் கறந்துவிடுவாள். அவள் கழுத்தில் பெரிய கழலை இருந்தது. நாரின் நகர ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். தையல் பிரித்த கையோடு, ஆள் போதவில்லை என்று ஜெக்ஷென் அவளை மலை மேய்ச்சலுக்கு இழுத்துவந்துவிட்டான்.

ஒருநாள் காலை கறந்துகொண்டிருந்தவளின் விரல்கள் கோழி அலகுபோலக் குவிந்து இறுகிவிட்டன. நான் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. முகம் கோணியது. தொண்டை அடைத்து, மூச்சு விசிலடித்தது. நான் அடிவாரத்து நர்ஸ் ராய்கானுக்கு ஆளனுப்பினேன். ஜெக்ஷெனோ பக்கத்துக் கூடாரத்துப் பேயோட்டி கல்மூர்சாவைக் கூட்டிவந்தான்.

"அல்பார்ஸ்திப் பேய்! தொண்டையில உக்காந்திருக்கு."

என்று கத்திய கல்மூர்சா கருப்பு ஆட்டை அறுத்து, ஆவி பறக்கும் நுரையீரலைப் பிடுங்கி அவள் முகத்திலும் மார்பிலும் அறைந்தான். கம்பளமெல்லாம் ரத்தம். பேயை மிரட்டக் கூடாரத்து உச்சியின் புகைத்துளை வழியாகத் துப்பாக்கியால் சுட்டான். பிறகு சாட்டை. ஒவ்வொரு அடிக்கும் அவள் வில்லாக வளைந்தாள். தோள் கிழிந்தது. ஜெக்ஷென் அவள் கால்களை அமுக்கிப் பிடித்து அழுதான். நான் சாட்டையைப் பிடுங்கப் போய் என் காதும் கிழிந்தது.

அப்போதுதான் ராய்கான் குதிரையிலிருந்து குதித்தாள்.

"யோவ், சாட்டையக் கீழ போடு! ரத்தத்துல கால்சியம் இறங்கிடுச்சு இவளுக்கு."

"கால்சியம் எலும்புக்குத்தானேக்கா? இவ எலும்பு கல்லாட்டம் இருக்கு!" என்றான் ஜெக்ஷென்.

"அதுதான்டா வினை. எல்லாம் எலும்புலயும் பல்லுலயும் பூட்டிக்கிடக்கு. ரத்தத்துல ஓடுறது ஒரு சிட்டிகை. அது கொறஞ்சா நரம்பு வெறிபுடிக்கும், சதை இறுகும், இதயமே நின்னுடும். பூட்டத் திறக்கிற குட்டிச் சுரப்பிங்க கழலைக்குப் பின்னால இருக்கும். கழலையோட அதுங்களும் போயிருக்கும்."

உல்கானின் ரத்தக் குழாயில் ராய்கானின் கால்சிய ஊசி இறங்கியது. "மெதுவாத்தான் ஏத்தணும். என் கை ஆடி மருந்து வேகமாப் போச்சுன்னா செத்துடுவா."

"மருந்து போனா பேய் உள்ளயே தங்கிடும்டி!" கல்மூர்சாவின் சாட்டை நர்ஸின் முதுகில் இறங்கியது. ராய்கான் பல்லைக் கடித்தாள். கை ஆடவில்லை. அவன் மறுபடி ஓங்கினான்.

ஜெக்ஷென் பெண்டாட்டியின் கால்களை விட்டான். தலையால் கல்மூர்சாவின் வயிற்றில் மோதினான். இருவரும் உருண்டு அடுப்படியில் விழுந்தார்கள். ஜெக்ஷென் அடுப்பு இடுக்கியால் அடித்த அடியில் கல்மூர்சாவின் மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய் அந்தப் பேயோட்டியின் கால்மேல் உட்கார்ந்துகொண்டேன். நான் லேசான ஆள் இல்லை.

"சுடுது," என்றாள் உல்கான். "உடம்பெல்லாம் கொதிக்குது."

"கொதிக்கட்டும்டி. இந்த ஊசி அப்படித்தான்."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மூச்சு சீராக இறங்கி ஏறியது.

"பாத்தீங்களா, பேய் ஓடிடுச்சு!" என்றான் கல்மூர்சா, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

ஜெக்ஷென் அவளைத் தூக்கக் குனிந்தான். பிரிந்த கையால் உல்கான் விட்ட அறையில் அவன் தொப்பி பறந்தது.

"இனி சாகுற வரைக்கும் தினம் கால்சியம் மாத்திரை தின்னணும்," என்றாள் ராய்கான்.

"கேட்டியா?" என்றாள் உல்கான். "மாத்திரை வாங்கணும், போய்க் குதிரைக்குச் சேணம் போடு."

கன்னத்தைத் தடவிக்கொண்டே போட்டான்.