பாதாளத்தின் நான்காவது அடுக்கு

நரகங்களை உண்டாக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில். கேட்பவர்கள் சிரிப்பார்கள். விலங்கியல் படித்தவள், ஜாதகம் நாலு வீட்டுக்குப் போயிருக்கிற பெண், பட்டப்பகலில் உட்கார்ந்து பேய்களுக்குக் குலம் கோத்திரம் யோசித்துக்கொண்டிருந்தாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டில் அன்றைக்கு உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

என் அண்ணன் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி வடக்கே மாநிலம் மாநிலமாகப் போகும். அங்கே ஏதோ ஓர் ஊரில், தூக்கி நிறுத்தியிருந்த இரும்புக் குழாய் கழன்று அவன் முதுகில் விழுந்தது. திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சேலத்தில் பார்த்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். தண்டுவடம் போய்விட்டது, இனி நடக்க முடியாது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூரப் பயணம் கூடவே கூடாது.

அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அவிங்களுக்கு என்ன தெரியும் கண்ணு, அறுக்கறதும் தெக்கறதும்தான். நம்ம நாட்டு வைத்தியமுன்னு ஒண்ணு இருக்குதல்ல" என்றாள். ஆரம்பித்தது. வாழப்பாடிக்குப் பக்கத்தில் ஒருவர் எண்ணெய் கொடுத்தார். இன்னொருவர் பச்சிலை வைத்துக் கட்டினார். இன்னொருவர் இடுப்பில் சூடு வைத்தார். ஒவ்வொரு தடவையும் வாடகைக் காரின் பின் ஸீட்டில் அண்ணனை மடக்கிப் போட்டுக்கொண்டு போவோம். திரும்பி வந்து புரட்டிப் பார்த்தால் புண் இன்னும் பெரிதாகியிருக்கும். அதைக் கழுவித் துடைப்பது நான். கையெல்லாம் அந்த வாடை அடிக்கும். ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மிணி, இனி என்னய எங்கயும் தூக்கீட்டுப் போவ வேண்டாம். உட்டா இங்கயே கெடந்துக்கறேன். அம்மாகிட்டச் சொல்லு."

"ஏன், நீயே சொல்றது? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற?"

"என்னால ஆவாது. அவிங்க மொகத்தப் பாத்தா வாய் வர மாட்டேங்குது."

நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்கண்ணன் எந்திரிச்சு நடக்கறது உனக்குப் புடிக்கலியாக்கு?" என்றாள். அவன் வாயால் சொன்னால்தான் நிற்கும், வேறு யார் சொன்னாலும் நிற்காது என்று அண்ணனுக்கும் எனக்கும் தெரிந்துபோனது.

இந்தச் சமயத்தில்தான் மாமா மகன் வந்தான். மாமா ரயில்வேயில் இருந்ததால் அவர்கள் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அவன் வெளியூரில் எஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டலில் வெளிநாட்டுப் பையன் ஒருவன் விட்டுவிட்டுப் போன விளையாட்டு என்று ஒரு கட்டுத் தாளும், இருபது முகம் உள்ள ஒரு பகடையும் கொண்டுவந்தான். அப்படி ஒரு பகடையை நாங்கள் கண்டதில்லை. கோலிக்குண்டைக் கத்தியால் செதுக்கிய மாதிரி இருந்தது.

"ஒருத்தரு ஒரு ஒலகத்தச் சொல்லோணும். இன்னொருத்தரு அதுக்குள்ள ஒரு ஆளா நொழஞ்சு, நான் இதச் செய்யறன், அதச் செய்யறன்னு சொல்லோணும். நடந்துச்சா இல்லியான்னு பகடை சொல்லும். அவ்வளவுதான் மச்சான்."

"யாரு ஜெயிக்கறது?" என்றான் அண்ணன்.

"யாரும் ஜெயிக்கறதில்லீங்."

"அப்பச் செரி. எனக்கேத்த ஆட்டம்" என்று சிரித்தான். அடிபட்டு வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்தவள் நான் என்பதால் உலகத்தைச் சொல்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தத் தாள்களில் பாதி, பேய் உலகங்களைப் பற்றியது. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக அடுக்குகள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் அதிபதி, ஒரு சட்டம், வெளியேற ஒரு வழி. இந்த மூன்றும் இல்லாமல் ஓர் அடுக்கை உண்டாக்கக் கூடாது என்று போட்டிருந்தது. படங்களை அண்ணனுக்குக் காட்டினேன். கொம்பு, வௌவால் இறக்கை, வாயில் நெருப்பு.

"இவனெல்லாம் ஒரு பேயா? எங்க மேஸ்திரிகிட்ட ஒரு வாரம் உட்டா அழுதுட்டு ஊட்டுக்கு ஓடியிருவான்" என்றான். பிறகு அந்தத் தாள்களை ஓரமாகத் தள்ளிவைத்தான். "கீழ என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும் அம்மிணி. நான் சொல்றன். நீ கதை கட்டு."

ரிக் போடும்போது கம்ப்ரஸர் காற்று பூமிக்குள்ளிருந்து தூசியை மேலே தள்ளும். அந்தத் தூசியின் நிறம் மாறினால் அடியில் மண் மாறிவிட்டது என்று அர்த்தம். எங்கள் பாதாளம் அப்படித்தான் இறங்கியது. முதலில் சிவப்புத் தூசி. செம்மண் உலகம். அங்கே இருக்கிற பேய்களுக்குக் கண் கிடையாது, மரியாதை அதிகம். "வாங்க, உக்காருங்க, சாப்புட்டுப் போலாம்" என்று பாய் விரித்துப் போடும். இலை மட்டும் வரவே வராது. காத்திருப்பவர்கள் காத்திருந்தபடியே மண்ணாகிப் போவார்கள். கொங்கு நாட்டில் சாப்பிடாமல் எழுந்து போவதைவிட அவமரியாதை வேறில்லை. அந்த அவமரியாதையைச் செய்வதுதான் அங்கிருந்து வெளியேறும் வழி. இது என் கைவண்ணம். அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

அடுத்தது சாம்பல் நிறத் தூசி. கையால் நொறுக்கினால் நொறுங்குகிற சுக்காம்பாறை. அங்கே யாராவது பேசினால் கூரை பெயர்ந்து விழும். அதனால் அந்தப் பேய்கள் கல்யாணம், பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை எல்லாவற்றையும் ஜாடையிலேயே முடித்துக்கொள்ளும். மூன்றாவது கருங்கல். அங்கே பேயே இல்லை. மேலேயிருந்து இறங்குகிற இடிச் சத்தம்தான் அதிபதி. அண்ணனுக்கு ரிக் சத்தத்தில் ஒரு காது ஏற்கெனவே மந்தம். "அவன எனக்குப் பழக்கம்" என்றான்.

மூன்று மாதத்தில் எங்களிடம் ஒரு வம்ச வரலாறே சேர்ந்துவிட்டது. எந்தப் பேய் எந்தப் பேய்க்கு மச்சான், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "ஊட்டுல நல்ல பேச்சே கெடையாதா? கேக்கற தேவதை எல்லாம் அப்பிடியே ஆகட்டும்னு சொல்லீருமே!" மாமா மகனுக்கு பம்பாயில் வேலை கிடைத்து அவன் வருவது நின்றுபோனது. நாங்கள் இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருந்தோம். நடுவில் இன்னும் இரண்டு வைத்தியர்களிடம் போய் வந்தோம். புண் எலும்பைத் தொட்டுவிட்டது.

நான்காவது அடுக்கை அண்ணன் யாரும் உதவாமல் தானே உண்டாக்கினான்.

"வெள்ளைத் தூசி அம்மிணி. மாவு மாதிரி இருக்கும். அது வந்துட்டா ஈரம் இல்லீன்னு எங்களுக்குத் தெரியும். குழாயக் கழட்டலாமுன்னு மேஸ்திரி சொல்லுவாரு. அப்பத்தான் கெணறு போடச் சொன்ன காட்டுக்காரரு வருவாரு. எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, தலையெல்லாம் தூசி. இத்தன தூரம் வந்தாச்சு, இன்னும் பத்தடி மட்டும் போடுங்கன்னு கும்புடுவாரு. பாஷை தெரியாத ஊர்லகூட அது எங்களுக்குப் புரியும். பத்தடி போடுவோம். மறுபடியும் பத்தடிம்பாரு. அந்தாளுதான் இதுக்கு அதிபதி."

"நம்மப்பாவும் அப்பிடித்தான நின்னாங்க" என்றேன். எங்கள் காட்டில் போட்ட கிணற்றுப் பக்கம் அப்பா கைகூப்பி நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா ரொம்ப நாள் இருக்கவில்லை. அண்ணன் ரிக் வண்டியில் ஏறியதும் அதனால்தான்.

"ஆமா. அந்தாளு கெட்டவன் இல்லம்மிணி. அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். கும்புட்டுக் கேப்பான். அதான் பயம்."

"சட்டம் என்ன?"

"அந்தாளு கேட்டா நிறுத்தக் கூடாது."

"வெளிய வர வழி?"

"அந்தாளு மொகத்த நேராப் பாத்து, போதுங்கன்னு சொல்லோணும்."

"சொன்னா எங்க போவோம்?"

"அது தெரியாது. அந்தப் பக்கத்த நீ கட்ட வேண்டாம்."

பங்குனி வெயிலில் ஒரு நாள் மத்தியானம் அந்த அடுக்கில் ஆடினோம். நான்தான் வெள்ளை வேட்டிக்காரர். துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கைகூப்பினேன். "இத்தன தூரம் வந்தாச்சு சாமி. இன்னும் பத்தடி மட்டும் போடுங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். "போதுங்க" என்றான்.

நான் பகடையை எடுத்தேன். "இதுக்கு எதுக்குப் பகடை? வாயத் தொறந்தாப் போதும்" என்றான். "மறுக்காக் கேளு."

மறுபடியும் கேட்டேன். "போதுங்க." இன்னும் கொஞ்சம் அழுது கேட்கச் சொன்னான். கேட்டேன். "போதுங்க." குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிக்கொண்டே வந்தது. ஆட்டத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதுமே, எதற்கு இத்தனை தடவை என்று யோசித்தவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் எனக்குச் சொல்லிப் பார்க்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடுவான், இந்தத் தடவை சொல்லியே விடுவான் என்று மனசு அடித்துக்கொண்டது.

அம்மா உள்ளே வந்தாள். முகத்தில் வெகுநாளாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம். சந்தையில் யாரோ சொன்னார்களாம். கெங்கவல்லிப் பக்கம் ஒருத்தர் இருக்கிறாராம். நடக்காதவர்களை நடக்கவைத்திருக்கிறாராம். கட்டிலருகே வந்து குனிந்து அவன் தலையைத் தடவினாள்.

"இன்னும் ஒரே ஒருக்காப் போயிட்டு வந்தறலாம் சாமி. இத்தன தூரம் பாத்தாச்சு. இதுக்கு மட்டும் மாட்டேங்காத" என்றவள், பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அண்ணன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். வாயைத் திறந்தான். நான் துண்டைத் தோளில் போட்டபடியே நின்றுகொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு என்று எனக்குள் கத்தினேன்.

"செரிங்கம்மா" என்றான்.

அம்மா கார் சொல்லப் போய்விட்டாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீ கேக்கறப்பச் சுளுவா இருந்துச்சு அம்மிணி" என்றான். பகடையைப் பெட்டியில் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை.

கெங்கவல்லிக்குப் போனோம். போகும்போதே காய்ச்சல். வைத்தியர் முதுகை அமுக்கிப் பார்த்து எண்ணெயும் தூளும் கொடுத்தார். திரும்பும்போது ஸீட் முழுவதும் நனைந்திருந்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆடி பிறப்பதற்குள் அண்ணன் போய்விட்டான். கடைசி நாட்களில் அவனுக்கு நினைவு தப்பிப் போயிருந்தது. அது ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்த நல்லது.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு அம்மாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். எனக்குள் அத்தனை கோபமும் அப்படியே இருந்தது. இன்றைக்குக் கேட்டே விடுவது, எதற்காக அவனை இழுத்துக்கொண்டு அலைந்தீர்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். என் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. அம்மா காலியான கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் நரைத்து, தூசி படிந்த மாதிரி இருந்தது.

"அந்தக் கெங்கவல்லிக்காரர்கிட்ட கொஞ்சம் முந்தியே போயிருந்தா, எந்திரிச்சிருப்பானல்ல கண்ணு?" என்று கேட்டாள்.

அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"ஆமாங்கம்மா, எந்திரிச்சிருப்பான்" என்றேன்.