சேவியர் அண்ணன் வண்டியின் ஃபர்ஸ்ட் கியர்

சேவியர் அண்ணன் போய்விட்டார்… வெள்ளிக்கிழமை சாயங்காலம். டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று ஞாயிறு, இந்நேரம் அவரிடமிருந்து எனக்கு போன் வந்திருக்க வேண்டும். வராது என்று தெரிந்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு… நானும் அவரும் திண்டுக்கல்லில் ஒரே விதைக் கம்பெனியில் சேல்ஸ் பார்த்தோம். கத்தரி, தக்காளி, வெண்டை விதைகள். அகரத்தில் ஆரம்பித்து நெய்க்காரப்பட்டி வரை ஊர் ஊராகப் போவோம். அவர் வண்டி, பின்சீட்டில் நான்.

அந்த வண்டியில் ஃபர்ஸ்ட் கியர் போட்டால் 'டடக்' என்று ஒரு சத்தம் வரும். பேகம்பூரில் நின்று கிளம்பும்போதெல்லாம் கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும், அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

"கியர் விழுந்துச்சான்னு காதுக்குத் தெரிய வேணாமா அப்பு" என்பார்.

எனக்கோ வண்டியில் தேவையில்லாத சத்தம் கேட்டால் சோறு இறங்காது. இந்த விஷயத்தில் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தன்னடக்கத்தை எல்லாம் வேறு பதிவில் வைத்துக்கொள்கிறேன்.

"அண்ணே, கிளட்ச் கேபிள் லூசா கெடக்கு. நீங்க முழுசாப் பிடிச்சாலும் உள்ள கிளட்ச் பாதிதான் விடுது. ஐடிலிங் வேற ஏத்தி வச்சிருக்கீங்க. இன்ஜின் ஆயில் மாத்தி எம்புட்டு நாளாச்சு? செயினு தொங்குது. இம்புட்டையும் வச்சுக்கிட்டு குதிங்காலால மிதிச்சா அது கத்தாம என்ன செய்யும்?"

"வண்டின்னா செத்த சத்தம் போடத்தான் செய்யும்." அதோடு பேச்சு முடிந்தது.

ஒருநாள் நெய்க்காரப்பட்டியில் அவர் ஒரு விவசாயியின் தோட்டத்துக்குள் நாற்றைப் பார்க்கப் போன நேரம். நான் டூல் பாக்ஸைத் திறந்து, கேபிளை டைட் வைத்து, ஐடிலிங்கையும் குறைத்துவிட்டேன். திரும்பும்போது நானே ஓட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன்.

ஆக்ஸிலேட்டரை மூடி, கிளட்சை முழுசாகப் பிடித்து, ஒரு மூச்சு பொறுத்து, முன்பாதத்தால் மெதுவாக அமுக்கினேன். சத்தமே இல்லை…

தோட்டக்காரர் அண்ணனைப் பார்த்து, "ஏனுங்க, புது வண்டி வாங்கிட்டீங்களா?" என்றார்.

அண்ணன் ஒட்டன்சத்திரம் வரை என்னோடு பேசவில்லை. அங்கே டீக்கடையில் வைத்துத்தான் வாயைத் திறந்தார். "நீ ஓட்டுனா பூனை மாதிரி வருது. நான் ஓட்டுனா மட்டும் சண்டைக்கு வருது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பிறகு அவர் ரிட்டயர் ஆனார். நான் தனியாக ஊர் ஊராக லைன் போக ஆரம்பித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போன் வந்துவிடும்.

"அப்பு, மறுபடி கத்துது. செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போ. வாரியா?"

போவேன். கேபிள் லூசாக இருக்கும், டைட் வைப்பேன். ரோஸ்லின் மதினி கோழிக்குழம்பு வைத்திருப்பார். சாப்பிட்டு, எந்த ஊரில் என்ன விதை ஓடுகிறது என்று பேசி, வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடி போன்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் வைத்த டைட் ஒரே வாரத்தில் எப்படி லூசாகும்? புது கேபிள் போட்டேன், நட்டையும் மாற்றினேன்… அப்படியும் நிற்கவில்லை. கோளாறு எதில் என்று தெரியவில்லை, என் கையில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நேற்று காலை துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார வாசலில் சேர் போட வேண்டும், அண்ணன் வண்டியை நகர்த்து என்றார்கள். ஸ்டார்ட் செய்து கியர் போட்டேன். சத்தம் இல்லை. நியூட்ரலுக்கு வந்து மறுபடி போட்டேன். போன ஞாயிறு நான் வைத்த டைட் அப்படியே இருந்தது.

குனிந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி பக்கத்தில் வந்து நின்றார். அழுது அழுது அவருக்குக் குரலே இல்லை.

"சனிக்கெழமை மத்தியானம் சாப்புட்டதும் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வண்டிகிட்டப் போயி உக்காந்துருவாரு தம்பி. என்னத்தக் கழட்டுறீங்கன்னு கேட்டா, நாளைக்கு அவன் வரணும்லன்னு சொல்லுவாரு."

வண்டி சீட்டில் கையை வைத்து, "இன்னைக்குத்தான சனிக்கெழமை" என்றார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டியைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய், ஸ்டாண்டு போட்டு, அங்கேயே நின்று அழுதேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு அந்த வண்டியில்தான் போனேன். எல்லாம் முடிந்து ஆட்களும் கலைந்த பிறகு ஸ்டார்ட் செய்தேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கி, கிளட்சை அரைகுறையாகப் பிடித்து, குதிங்காலால் ஓங்கி மிதித்தேன். வண்டி ஒரு குதி குதித்தது.

டடக்.

விழுந்துருச்சுண்ணே…