வால் நறுக்கின எண்

எங்க அக்காவுக்கு மனுஷங்க முகம் ஞாபகம் இருக்காது, நம்பர்னா மறக்கவே மறக்காது. ஆஸ்பத்திரி பதிவு மேஜையில இருபத்திரண்டு வருஷமா சோதனைக்குப் போற பாட்டில்ல எண் அச்சடிச்ச ஸ்டிக்கரைக் கிழிச்சு ஒட்டுறவ. "உங்க அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, ஒரு நம்பரைச் சொல்லு, உடனே திரும்புவா"ன்னு மாமா கிண்டல் பண்ணுவார்.

என் மார்புக் கட்டியிலிருந்து சதை எடுத்த அன்னைக்கும் ஸ்டிக்கர் கிழிச்சது அவதான். கிழிச்சதும் முகம் மாறிடுச்சு.

"என்னக்கா?"

"73939133டி. இது பகா எண், ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுபடாது. வாலை நறுக்கு, 7393913. அதுவும் பகா எண். இன்னும் நறுக்கு, 739391. அதுவும்தான். கடைசியில வெறும் ஏழு நிக்கிற வரைக்கும் இதே கதை. இந்த ஜாதி எண்கள்ல இதுதான் பெருசு, இதுக்கு மேல கிடையாது."

எனக்கு உயிர் போகுது, இவளுக்கு வால். போக்கா நீயும் உன் கணக்கும்னு சொல்லிட்டேன். ஆனா அடுத்த ஆறு நாளும் பாத்திரம் தேய்க்கும்போது 7393, 739, 73ன்னு நானும் நறுக்கிக்கிட்டேதான் இருந்தேன். வேற எதையாவது நினைச்சா பயம் வந்துடும்.

சதையைச் சோதிக்கிறது வெளியில இருக்கிற பெரிய லேப். அங்க பேர் கிடையாது, எண் மட்டும்தான். ஏழாம் நாள் காலையில அக்கா மேஜைக்குப் போகாம ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையில எங்களோட இருந்தா. அவளோட பக்கத்து சீட்டுக்காரி மேஜையிலிருந்து லேபுக்கு போன் பண்ணிக் கேட்டு, துண்டுச்சீட்டு கொண்டு வந்தா. சாதாரணக் கட்டியாம், பயமில்லையாம். நான் தரையில உட்கார்ந்து அழுதேன். மாமா எல்லாருக்கும் டீ வாங்கப் போனார்.

அக்கா மட்டும் சீட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தா. பழக்கதோஷம், கட்டைவிரலால கடைசி இலக்கத்தை மறைச்சா.

"73939123ன்னு இருக்கு. வாலை நறுக்கினா ரெண்டுல முடியுது, ரெட்டைப்படை. இது உன் நம்பர் இல்லடி."

தப்பு அவளோடதுதான். லேப்ல கேட்கச் சொல்லி மேஜைக்கு இன்டர்காம்ல எண்ணை ஒப்பிக்கும்போது கடைசியில "ஒண்ணு, ரெண்டு மூணு"ன்னு சொல்லியிருக்கா. அவ சொல்ல வந்தது மூணு ரெண்டு தடவைன்னு. பக்கத்து சீட்டுக்காரி எழுதினது ஒண்ணு, ரெண்டு, மூணு. வேற யாரோ ஒருத்தியோட நல்ல சேதிக்கு நான் அழுதிருக்கேன்.

அக்காவே லேபுக்கு போன் போட்டா. "மூணு. மறுபடியும் மூணு," ஒவ்வொண்ணா சொன்னா. அந்தப் பக்கம் பேசினது எனக்குக் கேட்கலை. அவ எழுதவும் இல்லை.

"சொல்லுக்கா."

"இருக்குடி. புற்றுதான். ஆரம்பம்தான்னு சொல்றாங்க."

எனக்குக் கோபம்தான் முதல்ல வந்தது. "பேசாம விட்டிருக்கலாமில்ல? அரை மணி நேரம் நல்லா இருந்தேன்."

அவ அறுவை சிகிச்சை டாக்டருக்கு போன் போட ஆரம்பிச்சா. பாதியிலேயே எண் மறந்து நின்னா. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. போனை அவ கையிலிருந்து வாங்கி, சுவர்ல ஒட்டியிருந்த டாக்டர்கள் நம்பர் காகிதத்தைப் பார்த்து நானே அழுத்தினேன்.