கிணற்றில் கற்ற நீச்சல்

எங்கள் பத்தாவது திருமண நாளை இலங்கையின் அமைதியான கடலோரச் சிற்றூர் ஒன்றில் அலைச்சறுக்குப் பயின்று கொண்டாட நானும் கணவரும் திட்டமிட்டோம். பயிற்சியாளர் அனுப்பிய படிவத்தில், 'நீந்தத் தெரியுமா?' என்ற வினாவுக்கு, 'நன்றாகத் தெரியும்' என்று தயங்காமல் எழுதினேன். உடையார்பாளையத்தில் எங்கள் முந்திரித் தோப்புக் கிணற்றில் ஏழு வயதிலேயே நீந்தப் பழகியவள் நான்.

கரையில் நின்று பார்க்கவிருந்த, நீச்சலறியாத கணவருக்கு ஓர் ஐயம். என்னை அந்தக் கிணற்றுக்கே அழைத்துச் சென்றவர், கயிறு கட்டிய லாரி டியூப்புடன் படியில் அமர்ந்தார்.

"கடல்ல ஏது செவுரு? எங்கயும் தொடாம அஞ்சு நிமிஷம் நீந்து, பாப்போம்."

"நீங்க மொதல்ல காலை நனைங்க" என்று சிரித்தபடி குதித்தேன்.

சற்று நேரத்தில் என் கை தானாகச் சுவரைத் தேடியது. நான்கு வீச்சுக்கு ஒருமுறை கல்லைப் பற்றி இளைப்பாறியதையே இத்தனை ஆண்டுகளும் நீச்சல் என நம்பியிருக்கிறேன்! பிடிவாதமாக நடுவே திரும்பியதும் மூச்சு முட்டியது; தண்ணீரைக் குடித்துவிட்டேன். அவர் வீசிய டியூப்தான் காத்தது.

"ஃபாரத்தை அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"நல்லவேளை. கடல்ல எங்க நின்னு டியூப் வீசுறது?"

அன்றே விடையைத் திருத்தினேன்: 'கிணற்றில் மட்டும்.' பயணத்தையும் மூன்று மாதம் தள்ளிவைத்தோம். இப்போது அவர் கயிற்றுடன் காவலிருந்தால் மட்டுமே இறங்குகிறேன். சுவரைத் தொடாமல் நீந்திப் பழகுகிறேன். நேற்று ஐந்து நிமிடத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கணவர் படியில் முழங்காலளவு நீரில் இறங்கி நின்றிருந்தார்.