டாக்டர் சொன்ன ‘ரூட்’

2001 ஜூலை. புனே ஸ்டேஷனில் இறங்கியபோது நல்ல மழை. கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் முதுகு விண்ணென்று வலித்தது. எல்லாம் என் அண்ணன் வாயால் வந்த வினை. மஞ்சள் காமாலை தீர்ந்து, பிம்ப்ரி ஃபாக்டரியில் மறுபடி சேர சர்டிபிகேட் வாங்கப் போனவன், டாக்டரோடு சண்டை போட்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டான். ஊரில் இரண்டு வேலை இதே வாயால் போயிற்று. இதுவும் போனால் நிச்சயித்த கல்யாணமும் நின்றுவிடும்.

கட்கிக்கு லோனாவலா லோக்கலில் ஏறினேன். ஆறேழு கிலோமீட்டர், நான்கு ரூபாய். பக்கத்து சீட்காரர் “ஏ, ஸரக் நா!” என்று அதட்டினார். நகர்ந்து உட்கார்ந்ததும் தன் வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

அண்ணன் குடியிருப்பது ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடியில். கட்கியிலேயே பிறந்த தமிழ்க்காரர், பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறார்.

“வாங்க தம்பி. உங்க அண்ணன் நான் குடுக்கிற சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமயே வாபஸ் அனுப்புது” என்றார்.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். “என்னைப் பாத்து ரூட்னு சொல்றான்டா அந்த ஆளு! மரியாதை கெட்டவனாமா நானு!”

“நீ என்னண்ணா சொன்னே?”

“யூ ரூட், யுவர் ஃபாதர் ரூட்டுன்னு இங்கிலீஷ்லயே சொல்லிப்போட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.”



டீச்சர் விடவில்லை. “முழுசா என்ன சொன்னார்? யாத் பண்ணு.”

“என்னமோ... ரூட் ஹெல்த்துன்னு.”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “அரே பாகல்! ரூட்னா செதுக்காத முரட்டுக் கட்டைன்னும் அர்த்தம் இருக்கு. ஹெல்த்தோட சேந்தா, உடம்பு திம்முனு இருக்குன்னு அர்த்தம்!”

அர்த்தம் தெரிந்து என்ன பயன்? பெரிய மனிதரை அப்பன் பெயரைச் சொல்லித் திட்டியாயிற்றே. மூவருமாக கிளினிக்குக்கு ஓடினோம்.

டாக்டர் ஒரு மராத்திக்காரக் கிழவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அண்ணன் கைகூப்பி “சாரி சார்” என்றான். அவர் இங்கிலீஷில் உறுமியதை டீச்சர் தமிழில் சொன்னார்: “சர்டிபிகேட்டை அன்னிக்கே ஃபாக்டரிக்கு அனுப்பிட்டாராம். நீ கத்தின கத்துல, இன்னொரு டெஸ்ட்டே வேணாம்னு தோணிச்சாம். அவங்கப்பாவுக்கு வயசு தொண்ணூறாம். நீ சொன்னது சரிதானாம், அவரும் ரூட்தானாம்!”

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலிலேயே அண்ணனை நாலு திட்டு திட்டினேன், சிரித்துக்கொண்டே.

மறுநாள் அவன் முதல் ஷிஃப்டுக்குப் போனான், நான் ரயிலேறினேன். எங்கள் ஊரில் இரண்டு முதலாளிகளும் “போயிட்டு வாங்க தம்பி” என்று மரியாதையாகச் சொல்லித்தான் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த உறுமல் கிழவர் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்.