தட்டு வேண்டாத சாப்பாடு

டிராக்டரில் கரும்பு டிரெய்லரை மாட்டும்போது தீனதயாளனின் வலது கை கொக்கியில் சிக்கிக்கொண்டது. கை பிழைத்தது, விரல்கள்தான் மடங்கவில்லை. கட்டுப் பிரித்துக் கச்சிராயபாளையம் வீட்டுக்கு வந்த அன்றே அவன் மனைவி ஜெயசுதாவுக்குத் தெரிந்துவிட்டது, வலியைவிட அவனை வதைப்பது சோற்றுத் தட்டுதான் என்று.

இடது கையால் சோறு பிசைய அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பூன் கொடுத்தால் பாதி மடியில் சிந்தியது. அவள் ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் இன்னா கைக்கொழந்தையா?"

"அதுக்குன்னு பட்டினி கெடப்பியா?"

"பசி இல்லன்றேன் இல்ல, வுடு."

தம்பி அறிவுச்செல்வன் சாப்பாட்டு வேளையில் வந்தால், தீனதயாளன் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று எழுந்து போய்விடுவான். ஆள் இளைத்துக்கொண்டே வந்தான். ஜெயசுதா அதட்டிப் பார்க்கவில்லை, அழுது பார்க்கவும் இல்லை. கழனியில் களை பிடுங்கும்போதெல்லாம் இதே யோசனையாக இருந்தாள்.

கையைக் காட்டக் கள்ளக்குறிச்சிக்குப் போன ஒரு நாள், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை வாசலில் கல்லூரிப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வலது கையில் போன். இடது கையில் காகிதம் சுற்றிய ஏதோ ஒன்றைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. ஜெயசுதா புருஷனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் போனாள்.

"அது இன்னாங்க, சுருட்டிக் குடுக்குறீங்களே?"

"சிக்கன் ராப்புக்கா. ரொட்டி, பொரிச்ச கோழி, சீஸு. அவ்ளோதான்."

பஸ் வரும்வரை அவர் கையையும் கல்லையும் விட்டு அவள் கண் நகரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்த்தாள். ரொட்டி காய்ந்து, சுருட்டும்போதே விண்டது. கோழி சவசவத்தது. சீஸ் கல்லில் ஒழுகித் தீய்ந்தது.

"வூடெல்லாம் பொக. இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்றான் தீனதயாளன்.

"கோழி பொரிக்கிறேன். நீ போயி காத்தாட ஒக்காரு."

மறு ஞாயிறு மாவைப் பால் விட்டு இளக்கமாகப் பிசைந்தாள். ரொட்டிகளை அரைவேக்காட்டில் எடுத்து ஈரத்துணிக்கு அடியில் அடுக்கினாள். தயிரிலும் மிளகாய்த்தூளிலும் ஊறிய கோழியைக் கரைத்த மைதாவில் முக்கி, இடித்த ரஸ்க் தூளில் அழுத்திப் புரட்டி, தூள் நன்றாகப் பிடிக்கட்டும் என்று சற்று நேரம் விட்டுவைத்துப் பிறகே எண்ணெயில் போட்டாள். பொரித்த சூட்டோடு அதன்மேல் சீஸை வைத்து, முட்டைக்கோசால் மூடி, அடியை மடித்து இறுக்கச் சுருட்டினாள். ஓரம் கீழே இருக்கும்படி கல்லில் வைத்து அழுத்தினாள், அது ஒட்டிக்கொண்டது. சீஸ் ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

அடியில் வாழையிலைக் கிழிசலைச் சுற்றி அவனிடம் நீட்டினாள். எந்தக் கையால் வாங்குவது என்று அவன் தயங்கியபோது, தன்னுடையதை இடது கையில் எடுத்து நின்றபடியே கடித்தாள். தீனதயாளன் வாங்கினான். நறுக்கென்று சத்தம் கேட்டது. சீஸ் நூலாக இழுபட்டு மீசையில் ஒட்ட, அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொண்ணு இருக்குதா?"

தினமும் கோழிக்கும் சீஸுக்கும் எங்கே போவது? மற்ற நாட்களில் முட்டை, கீரைப் பொரியல், உருளைக்கிழங்கு என்று சப்பாத்தியில் சுருட்டத் தகுந்த எல்லாவற்றையும் சுருட்டினாள். அவன் கன்னத்தில் சதை பிடித்தது.

ஒருநாள் அறிவுச்செல்வனும் அவன் மனைவி கலையரசியும் விருந்துக்கு வந்தார்கள். ஜெயசுதா தட்டையே எடுக்கவில்லை. எல்லோர் கையிலும் ஆளுக்கொரு ராப்பைக் கொடுத்தாள். தீனதயாளன் தம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிட்டான்.

"எப்படிக்கா பிரியாம வருது?" என்று கலையரசி கேட்டாள்.

"ஓரத்த மொதல்ல கல்லுல வெக்கணும்மா," என்று முந்திக்கொண்டான் தீனதயாளன். "சூடு ஜாஸ்தியா இருந்தா ரொட்டி முறுகிடும். எங்க வூட்ல அதுல கில்லாடி."

ஜெயசுதா அடுத்த ரொட்டியை எடுத்தாள்.

இந்தப் பருவத்தில் அவன் கரும்பு ஏற்றும் ஆட்களை மேற்பார்க்கும் வேலைக்குப் போகிறான். மதியம் வரப்பில் அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து, அவள் சுருட்டிக் கொடுத்ததைப் பிரித்துச் சாப்பிடுகிறான்.