குக்கருக்கு விழுந்த நிழல்

இன்னும் கட்டாத வீட்டுக்குள் வெயிலைக் கொண்டுவந்து விடுவதுதான் என் பிழைப்பு. புது வீட்டின் உள்புறம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் நிஜம் போலப் படமாக்கிக் காட்டும் வேலை. மானிட்டரை முறைத்தே கண் அவிந்துபோன சகோதரர்களே, தூத்துக்குடியில் போய் வெயிலை விற்கிறவன் நான், சிரிக்காதீர்கள்.

சோபாவுக்கு அடியில்

கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், தன் வீட்டு ஹால் படத்தைப் பார்க்க வந்தார். சோபாவுக்குக் கீழே மெல்லிசாக நிழல் விழவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது இல்லாவிட்டால் சோபா தரையில் நிற்காது, மிதக்கும். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அங்கன என்ன தம்பி கருப்பா கிடக்கு? நாலு பேர் வந்து போற இடம், முதல்ல அதத் தூத்துப் பெருக்கிவிடு!"

மூடிய ஜன்னல்

அண்ணாச்சியின் மனைவி சயின்ஸ் டீச்சர், எனக்கு மயினி. புது வீட்டில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அடுக்களையில் கிழக்கே ஒரு ஜன்னல். பாவம், வாடகை வீட்டில் பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுச் சமைத்து அலுத்தவர். அண்ணாச்சியோ சத்தமில்லாமல் பிளானில் அதை மூடிவிட்டார். அந்தப் பக்கம் கருப்பட்டிச் சிப்பம் அடுக்க ஓர் அறை வேண்டுமாம். படத்தில் அடுக்களை கும்மிருட்டு. "உன் மயினி பாக்க வாரா தம்பி. ஜன்னல் இல்லாமலே பளிச்சுன்னு இருக்கும்னு படத்துல காட்டிரு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்!"

குக்கர்

எங்கள் தொழிலில் கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்று உண்டு. எங்கே வைத்தாலும் வெளிச்சம் மட்டும்தான் படத்தில் தெரியும். அதை ஜன்னலை மூடிய அந்தச் சுவரிலேயே வைத்தேன். அடுப்பு மேல் இருந்த குக்கரின் நிழல் எதிர்ப்பக்கமாக நீண்டு விழுந்தது. அந்த நிழலை அழித்திருக்கலாம்தான். மயினி முகம் ஞாபகம் வந்தது, எனக்குக் குசும்பும் வந்துவிட்டது.

மயினி வந்ததும், "ஏளா, ஜன்னலே இல்ல, வெளிச்சத்தப் பாத்தியா?" என்று அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். மயினி குக்கரையே பார்த்தார். விரலை நிழலில் வைத்து, நேரே இழுத்து, வெறும் சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார். "வெயிலு இங்கன இருந்துலா வருது? சுவத்துல ஏது வெயிலு? இந்த இடத்துல ஜன்னல் வந்தாத்தான் நான் பால் காய்ச்ச வருவேன்."

வீட்டுக்காரி வராமல் பால் காய்ச்ச முடியுமா? சிப்பமெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போனது, ஜன்னல் திரும்ப வந்தது. மயினி சிரித்துக்கொண்டே போனார். அண்ணாச்சி என்னிடம் திரும்பினார். "ஏலே, நிழலத் தூத்துன்னு அன்னைக்கே சொன்னேம்லா!"

ஆக சகோதரர்களே, நம் தொழிலில் வெளிச்சத்துக்குத்தான் கூலி, நிழலுக்கு ஏச்சு மட்டும்தான்.